அரளியின் பெயரைச் சூடிய மலைப் பூ

தேன் தின்று ஒரு படையே மயங்கி விழுந்த கதையைக் கேட்டிருக்கிறீர்களா? கதை அல்ல, சரித்திரம்!

கி.மு. 401-ம் ஆண்டு. பாரசீக நாட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் அரசுரிமைச் சண்டை. தம்பியின் பெயர் சைரஸ். அவன் கிரேக்க நாட்டிலிருந்து பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களைக் கூலி பேசி அழைத்துப் போனான். போர்க்களத்தில் சைரஸ் மாண்டான். அந்நிய நாட்டின் நடுவே நிர்க்கதியாக நின்ற கிரேக்க வீரர்கள், மலையையும் பனியையும் கடந்து சொந்த நாட்டை நோக்கி நடந்தார்கள். மறு ஆண்டு கருங்கடல் கரையை நெருங்கினார்கள். இன்று துருக்கி நாட்டில் டிராப்சோன் என்று வழங்கும் ஊருக்கு அருகே, மலைக் கிராமங்களில் தங்கினார்கள்.

அந்தக் கிராமங்களில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. தேன்கூடுகளும் ஏராளம். பல மாதம் பட்டினியும் குளிருமாக வந்தவர்கள் அல்லவா? தேனைக் கண்டதும் ஆசை தீரத் தின்றார்கள்.

அவ்வளவுதான். கொஞ்சம் தின்றவர்கள் கள் குடித்தவர்களைப் போலத் தள்ளாடினார்கள். அதிகம் தின்றவர்கள் பைத்தியம் பிடித்தவர்களைப் போல ஆனார்கள். சிலர் சாகக் கிடப்பவர்களைப் போலக் கிடந்தார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வேறு. போரில் தோற்ற படை போல, கூட்டங் கூட்டமாகத் தரையில் சாய்ந்து கிடந்தார்கள்.

நல்ல வேளை! மறுநாள் பார்த்தால் ஒருவரும் சாகவில்லை. ஏறக்குறைய அதே நேரத்துக்குப் புத்தி தெளிந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எழுந்து நடமாடினார்கள். அந்தப் படையின் தலைவர்களில் ஒருவரான செனபோன் இதைத் தமது நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

பின்னர் ரோமானியரின் படை ஒன்றுக்கு இவ்வளவு நல்ல காலம் இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் தளபதி பாம்பேயின் வீரர்கள் அதே மலைப் பிரதேசத்தின் வழியே சென்றார்கள். அங்கே வாழ்ந்த மலை மக்கள், மயக்கும் தேனைக் கலந்து வழியோரத்தில் வைத்துவிட்டு மறைந்து நின்றார்களாம். வீரர்கள் அதைக் குடித்து நினைவிழந்தார்கள். மலை மக்கள் பாய்ந்து வந்து மூன்று படைப் பிரிவுகளை வெட்டி வீழ்த்தினார்கள் என்று ஸ்டிராபோ என்ற பழைய நூலாசிரியர் கூறுகிறார்.

வாளுக்கு அஞ்சாத வீரர்களை வீழ்த்தியது எது? ஒரு பூ! அந்த மலைச் சரிவுகளில் புதர் புதராகப் பூத்துக் குலுங்கும் ரோடோடென்ட்ரான் என்ற பூ. தேனீ அந்தப் பூவிலிருந்து எடுத்து வந்த தேனில்தான் மயக்கம் இருந்தது.

வாயில் நுழையாத பெயர்

ரோடோடென்ட்ரான்! முதல் முறை சொல்லும்போது நாக்குத் தடுமாறும். இரண்டாகப் பிரித்தால் எளிது. ரோடோ, டென்ட்ரான். இரண்டும் கிரேக்கச் சொற்கள். “ரோடான்” என்றால் ரோஜா. “டென்ட்ரான்” என்றால் மரம். சேர்த்துச் சொன்னால் “ரோஜா மரம்”. அவ்வளவுதான் அர்த்தம்.

டென்ட்ரான் என்ற வால் வேறு செடிகளின் பெயரிலும் உண்டு. வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கிறார்களே, பெரிய பச்சை இலைகளோடு ஒரு கொடி, அதற்குப் பிலோடென்ட்ரான் என்று பெயர். “மரத்தை நேசிப்பது” என்று பொருள். காட்டில் அது மரத்தைக் கட்டிக்கொண்டு ஏறும். பெயர் பொருத்தந்தானே?

ஆனால் ரோடோடென்ட்ரான் ரோஜாவின் இனம் அல்ல. ரோஜாவுக்கு முள் உண்டு, இதற்கு இல்லை. ரோஜாவின் இதழ்கள் தனித்தனி. இதன் இதழ்கள் அடியில் ஒட்டி மணி போல இருக்கும். பின் ஏன் ரோஜாவின் பெயர் வந்தது? அங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது.

முதலில் அது அரளியின் பெயர்

பழைய கிரேக்க, ரோமானிய நூல்களில் ரோடோடென்ட்ரான் என்று ஒரு செடியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எப்போதும் பசுமையாக இருக்கும். ரோஜாவைப் போலப் பூக்கும். ஆடு மாடுகள் தின்றால் சாகும் என்று அடையாளம் சொல்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த டயாஸ்கோரிடிஸ் என்ற வைத்தியரும், பிளினி என்ற நூலாசிரியரும் இந்தச் செடிக்கு வேறொரு பெயரையும் தருகிறார்கள். அது நேரியம் என்பதாகும்.

அது என்ன செடி தெரியுமா? நம் ஊரில் கோயில் நந்தவனத்திலும் சாலையின் நடுவிலும் வளர்கிறதே, அதே அரளி! செவ்வரளியைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ரோஜாக் கொத்துப் போலத்தான் தோன்றும். ஆகவே கிரேக்கர்கள் அதை “ரோஜா மரம்” என்றார்கள்.

மேல்நாட்டார் அரளியை இன்று ஓலியாண்டர் என்கிறார்கள். ரோடோடென்ட்ரான் என்ற நீண்ட பெயர்தான் மக்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து ஓலியாண்டர் ஆயிற்று என்று கருதும் சொல்லாராய்ச்சியாளர்களும் உண்டு. அப்படியானால், பெயரின் புதுச் சட்டையை மலைப் பூ போட்டுக்கொண்டது. பழைய கிழிசல் அரளிக்கு மிஞ்சியது!

பெயர் மலை ஏறியது

நூற்றாண்டுகள் பல கடந்தன. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் என்ற பெரிய மலைத்தொடர் இருக்கிறது. அதன் சரிவுகளில் இடுப்பளவு உயரத்தில் ஒரு புதர்ச்செடி பூக்கும். பூ ரோஜா நிறம். அங்குள்ள மக்கள் அதை “ஆல்ப்ஸ் ரோஜா” என்பார்கள்.

இத்தாலி நாட்டுத் தாவர அறிஞர் ஆண்டிரியா செசல்பினோ 1583-ம் ஆண்டில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் இந்த ஆல்ப்ஸ் செடிக்கு அவர் ரோடோடென்ட்ரான் என்ற பெயரைச் சூட்டினார். அரளியின் பெயர் இப்படி மலை ஏறிவிட்டது.

1701-ம் ஆண்டில் டூர்னபோர் என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞர் கருங்கடல் கரைக்குப் போனார். டிராப்சோன் மலைகளில் ஊதா நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் பூக்கும் இரண்டு செடிகளைக் கண்டார். செனபோனின் வீரர்களை மயக்கிய தேனுக்கு இந்தப் பூக்களே காரணமாக இருக்க வேண்டும் என்று கருதினார். அவை ஆல்ப்ஸ் ரோஜாவின் உறவு என்பதும் தெரிந்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய புதிரின் முடிச்சு அவிழ்ந்தது.

பின்னர் சுவீடன் நாட்டு லின்னேயஸ் வந்தார். உலகத்துச் செடிகளுக்கெல்லாம் முறையாகப் பெயரிட்ட மேதை அவர். 1753-ம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் ரோடோடென்ட்ரான் என்ற பெயரை உறுதி செய்தார். அவர் கணக்கில் அந்தக் குலத்தில் ஐந்தே வகைகள்.

இன்னொரு குலத்துக்கு அவர் அசேலியா என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் “உலர்ந்தது” என்று பொருள். இரண்டையும் எப்படிப் பிரித்தார்? பூவின் நடுவே நூல் போல நீண்டு, நுனியில் மகரந்தத்தைத் தாங்கி நிற்கும் காம்புகளை எண்ணினார். பத்து இருந்தால் ரோடோடென்ட்ரான். ஐந்து இருந்தால் அசேலியா.

கணக்கு எளிதுதான். ஆனால் இயற்கை கணக்குப் பார்த்துப் பூப்பதில்லையே! இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வகைகள் பின்னால் அகப்பட்டன. ஆகவே 1834-ம் ஆண்டில் ஜார்ஜ் டான் என்பவர் இரண்டு குலத்தையும் ஒன்றாக்கினார். மலைநகரப் பூங்காக்களில் தொட்டி நிறையப் பூக்கும் அசேலியாவும் ரோடோடென்ட்ரான் குலத்துப் பிள்ளைதான்.

ஆயிரம் வகை

லின்னேயஸ் கண்டது ஐந்து. இன்று தெரிந்திருப்பது ஆயிரத்துக்கு மேல்! அவற்றில் மிகப் பல இமயமலையிலும் சீனாவின் தென்மேற்கு மலைகளிலும் வளர்பவை. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 80 இனங்கள் உண்டு.

அவற்றில்தான் எத்தனை விதம்! இமயத்தில் 16,000 அடிக்கு மேல், மரம் எதுவும் வளர முடியாத இடத்தில், தரையோடு தரையாகச் சில அங்குல உயரத்தில் பூக்கும் ரோடோடென்ட்ரான் உண்டு. நாகாலாந்தில் ஜாப்பூ மலையில் நிற்கும் ஒரு மரமோ, உலகிலேயே உயரமான ரோடோடென்ட்ரான் என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம் பெற்றது. அமெரிக்காவில் வளரும் ஒரு வகை குளிரை அளந்து காட்டும். குளிர் ஏற ஏற அதன் இலைகள் தொங்கி, சுருட்டுப் போலச் சுருண்டுகொள்ளும்!

1848-ம் ஆண்டில் ஜோசப் ஹூக்கர் என்ற ஆங்கிலேயத் தாவர அறிஞர் சிக்கிம் மலைகளுக்குப் போனார். அட்டை கடிக்கும் காடுகளிலும் மூச்சு முட்டும் கணவாய்களிலும் அலைந்து ரோடோடென்ட்ரான்களைத் தேடினார். 1849 நவம்பரில் சிக்கிம் திவானின் ஆட்கள் அவரையும், உடன் சென்ற டார்ஜீலிங் அதிகாரி காம்ப்பெல்லையும் சிறைப்பிடித்தார்கள். டிசம்பரில்தான் விடுதலை கிடைத்தது. அதைக் காரணம் காட்டி ஆங்கிலேயர்கள் மறு ஆண்டில் சிக்கிம் நாட்டின் ஒரு பகுதியைத் தங்களுடன் சேர்த்துக்கொண்டார்கள். பூத் தேடப் போனதன் முடிவில் ஒரு நாட்டின் எல்லையே மாறிவிட்டது!

ஹூக்கரின் புத்தகம் முப்பது வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. சீமைப் பணக்காரர்களின் தோட்டங்களில் ரோடோடென்ட்ரான் மோகம் பிடித்து ஆட்டியது.

இமயத்தின் செல்லப் பிள்ளை

இமயமலை மக்களுக்கு ஹூக்கர் வந்து இந்தப் பூவைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. நேபாளத்தில் அதன் பெயர் லாலி குராஸ். அதுவே அந்நாட்டின் தேசிய மலர். உத்தரகண்ட் மாநிலத்தில் அதைப் புரான்ஸ் என்பார்கள். அதுவே அம்மாநிலத்தின் மரம். இரத்தச் சிவப்பான அதன் இதழ்களைப் பிழிந்து சர்பத் செய்வார்கள். நாகாலாந்து மாநிலத்தின் மலரும் இதுவே.

இந்தச் சிவப்புப் பூ மரத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் ரோடோடென்ட்ரான் ஆர்போரியம். ஆர்போரியம் என்றால் இலத்தீன் மொழியில் “மரம் போன்றது” என்று பொருள். டென்ட்ரான் என்றாலும் மரம். மரத்துக்கு மேல் மரம்! நாம் “கேட்டு வாசல்” என்று சொல்வதில்லையா, அதைப் போல.

நம் மலையிலும் உண்டு

இமயத்தை விட்டால் இந்த மரம் பிறகு எங்கே தலைகாட்டுகிறது தெரியுமா? நடுவில் ஏறத்தாழ 1,200 மைலைத் தாண்டி, நம் நீலகிரியில்! பழனி மலையிலும் ஆனைமலையிலும் மூணாறு மலைகளிலும் உண்டு. தென்னிந்தியாவில் வளரும் ரோடோடென்ட்ரான் இது ஒன்றுதான். நீலகிரியின் பெயராலேயே இதற்கு நீலகிரிகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்கு நெருங்கிய உறவு இலங்கையில் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளில் இருக்கிறது.

இவ்வளவு தொலைவை இது எப்படித் தாண்டி வந்தது? பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் உலகம் மிகக் குளிர்ந்திருந்த காலத்தில் இந்த மரம் தாழ்ந்த இடங்களிலும் பரவியிருக்க வேண்டும், பின்னர் வெப்பம் ஏற ஏறக் குளிரைத் தேடி மலை உச்சிகளில் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால், ஊட்டிக்கு ஆங்கிலேயர்கள் வருவதற்கு மட்டுமல்ல, மனிதர்களே வருவதற்கு முன்பே அங்கே குடியிருந்த மரம் இது!

இதைக் கண்டுபிடிப்பது எளிது. அடிமரம் முறுக்கிக்கொண்டிருக்கும். பட்டை தடிப்பாக வெடித்திருக்கும். புல்வெளியில் தீப் பரவும்போது இந்தத் தடித்த பட்டைதான் மரத்தைக் காப்பாற்றும். இலை தோல் போலக் கெட்டியாக இருக்கும். மேல்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெளுத்து மங்கிய நிறம். குளிர் மாதங்களில் கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ மலரும். வாசனை கிடையாது. தேனுக்காகச் சிறு பறவைகள் வந்து மொய்க்கும். தேயிலையைப் போலவே இதுவும் புளிப்புத் தன்மையுள்ள மண்ணைத்தான் விரும்பும்.

நம் மலைப் பக்கத்தில் இதன் பெயர் என்ன? காட்டுப் பூவரசு! ஊரில் வேலி ஓரத்தில் மஞ்சளாகப் பூக்கும் பூவரசுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் முன்பின் தெரியாத ஒரு மரத்தைக் காட்டில் கண்டவர்கள், தங்களுக்குத் தெரிந்த மரத்தின் பெயரையே அதற்குக் கொடுத்துவிட்டார்கள். கிரேக்கர்கள் ரோஜாவின் பெயரை அரளிக்குக் கொடுத்தார்கள். செசல்பினோ அரளியின் பெயரை ஆல்ப்ஸ் செடிக்குக் கொடுத்தார். நம்மவர்கள் பூவரசின் பெயரை இதற்குக் கொடுத்தார்கள். மனித சுபாவம் எங்கும் ஒன்றுதான்!

பெயரை நம்பலாமா?

ஆனால் கடன் வாங்கிய பெயரில் ஓர் ஆபத்து உண்டு. “ரோஜா மரம்” என்றதும் ரோஜாவைப் போல இதையும் வாயில் போடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ரோடோடென்ட்ரான் இனங்கள் பலவற்றின் இலையிலும் பூவிலும் தேனிலும் கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. அது நரம்புகளின் வேலையைக் கெடுக்கும். இதயத் துடிப்பைக் குறைக்கும். இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும். செனபோனின் வீரர்கள் சாய்ந்து விழுந்தது இதனால்தான். துருக்கியில் இன்றும் இந்தத் தேனைத் தின்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலோர் ஓரிரு நாளில் குணம் அடைகிறார்கள்.

அரளியின் நஞ்சு வேறு. இதன் நஞ்சு வேறு. ஆனால் இரண்டும் இதயத்தைத்தான் தாக்கும். பெயரிலும் பங்காளி, விஷத்திலும் பங்காளி!

உத்தரகண்ட் மக்கள் சர்பத் செய்கிறார்களே என்று கேட்கலாம். எந்த மரம், எந்தப் பூ என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். சுற்றுலா போகிறவர்களுக்கு அது தெரியாது. ஆகவே குழந்தைகள் பூவைச் சப்பிப் பார்க்க விடாதீர்கள். ஆடு மாடுகளுக்குத் தழையை ஒடித்துப் போடாதீர்கள். முன்பின் அறியாத மலைத் தேனைக் குடித்துத் தலை சுற்றினால், “பித்தம்” என்று சொல்லிப் படுத்துவிடாமல் உடனே வைத்தியரிடம் போங்கள்.

ஓரிடத்தில் படையெடுப்பு, ஓரிடத்தில் பின்வாங்கல்

கருங்கடல் கரையில் வளரும் அதே இன ரோடோடென்ட்ரானை 1763-ம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்து அழகுக்காக நட்டார்கள். அது தோட்டத்து வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் புகுந்தது. அதன் அடர்ந்த நிழலில் மற்றச் செடிகள் வளர முடியவில்லை. இன்று அங்கே அதை வெட்டி ஒழிக்கப் பாடுபடுகிறார்கள்.

நம் மலையில் நடந்தது நேர்மாறு. நீலகிரியின் உச்சிகளில் முன்பு பரந்த புல்வெளியும், பள்ளங்களில் சோலைக் காடும் இருந்தன. இரண்டும் சேர்ந்து மழை நீரைப் பிடித்து வைத்து ஆறுகளுக்குக் கொடுத்தன. அந்தப் புல்வெளியிலும் சோலையின் ஓரத்திலுந்தான் காட்டுப் பூவரசு நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் மரமும், சீகை மரம் என்று மலையில் வழங்கும் வாட்டில் மரமும் வந்தன. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் அவற்றைப் பெருமளவில் நட்டார்கள். புல்வெளி சுருங்கியது. காட்டுப் பூவரசு நின்ற இடமும் சுருங்கியது.

அங்கே வந்தேறி ரோடோடென்ட்ரான் பழைய குடிகளை விரட்டுகிறது. இங்கே வந்தேறி மரங்கள் பழைய குடியான ரோடோடென்ட்ரானை விரட்டுகின்றன. குற்றம் செடியினுடையது அல்ல. யோசிக்காமல் கொண்டுவந்து நட்டவர்களுடையது.

சீகை மரங்களை அகற்றிப் புல்வெளியையும் சோலையையும் மீட்கும் வேலை நீலகிரியில் நடந்து வருகிறது. காட்டுப் பூவரசு மெல்ல வளரும் மரம். இன்று முளைக்கும் கன்று நன்றாகப் பூப்பதைப் பார்க்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே இருக்கும் மரத்தைக் காப்பதே முதல் வேலை.

அடுத்த முறை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ குடும்பத்தோடு போகும்போது, பூங்காவோடு திரும்பிவிடாதீர்கள். மலை உச்சிப் பக்கம் பாதையோரத்தில் சிவப்புக் கொத்தோடு முறுக்கிய மரம் நின்றால், குழந்தைகளை அருகில் அழைத்துக் காட்டுங்கள். உதிர்ந்து கிடக்கும் பூ ஒன்றைக் கையில் எடுத்து, நடுவே நிற்கும் காம்புகளை எண்ணச் சொல்லுங்கள். பத்து இருக்கும். உலகத்தார் அதை ரோடோடென்ட்ரான் என்கிறார்கள், நம் மலை மக்கள் காட்டுப் பூவரசு என்கிறார்கள் என்று இரண்டு பெயரையும் சொல்லிக் கொடுங்கள். பிறகு மறக்காமல் கையைக் கழுவச் சொல்லுங்கள். கிளையில் இருக்கும் பூ கிளையிலேயே இருக்கட்டும். நாளைக்கு வருகிற குழந்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் அல்லவா?